பினாங்குக் கடலில் குளிக்கலாமா, முக்குளிக்கலாமா?

உள்ளூர் டைவிங்காரர் ஒருவரிடம் நம் உறுப்பினர்கள் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும்.

கிள்ளான் தம்பி: அண்ணே, பினாங்கில் பத்து பெரிங்கி கடற்கரையில் ஸ்கூபா டைவிங் (காற்றுக்குடுவை மாட்டி முக்குளிப்பது) செய்யலாமா?

காசை வீணாக்காதே தம்பி. மலாக்கா நீரிணையில் சேறு அதிகம், நீருக்கடியில் ஒன்றும் சரியாகத் தெரியாது. பத்து பெரிங்கி சாயங்காலம் காற்று வாங்க நல்ல இடம். முகமூடி மாட்டி மேலே மிதந்தபடி மீன் பார்த்தால் (ஸ்நோர்க்கலிங்) போதும் என்றால், கெடா கடலில் புலாவ் பாயார் தீவு இருக்கிறது. லங்காவி போய்ப் படகு ஏறலாம். டைவிங்தான் வேண்டும் என்றால் கிழக்குக்கரைத் தீவுகள்தான்: பெர்ஹெந்தியான், ரெடாங்.

செந்தூல் அன்பர்: டிசம்பரில் பினாங்கு பார்த்துவிட்டு, அப்படியே காரில் பெர்ஹெந்தியான் போகலாமா?

டிசம்பரில் பினாங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெர்ஹெந்தியானில் பருவமழை. தங்குமிடங்கள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். ஏப்ரலுக்கு மேல் போங்கள்.

அப்புறம், யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டைவ் செய்த பிறகு உடனே விமானம் ஏறக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பெர்ஹெந்தியான் படகுத்துறையான கோல பெசுட்டிலிருந்து காரில் பினாங்கு திரும்பும் ஜெலி–கெரிக் சாலையை மறந்துவிடுவார்கள். அது மலைமேல் ஏறி 1,000 மீட்டரைத் தொடுகிற சாலை. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் முழுக்க வெளியேறுவதற்குள் உயரத்துக்குப் போனால், அது குமிழியாகி மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். எனவே விமானத்துக்கான கணக்கையே இந்தச் சாலைக்கும் வையுங்கள்: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம். அதற்குக் குறையவே கூடாது. கடைசி நாளில் ஸ்நோர்க்கலிங் மட்டும்.

ஈப்போ அக்கா: பிள்ளைகள் கடலில் இறங்கணும் என்று ஒரே பிடிவாதம். ஜெல்லிமீன் பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான் அக்கா, கொடிய விஷமுள்ள பெட்டி ஜெல்லிமீனும் நம் கடலில் உண்டு. நீளக்கை நீச்சலுடை போட்டுவிடுங்கள். பையில் ஒரு போத்தல் வினிகர் இருக்கட்டும். ஜெல்லிமீன் கொட்டினால் மணலால் தேய்க்காதீர்கள், குழாய்த் தண்ணீரும் ஊற்றாதீர்கள். வினிகரை ஊற்றிவிட்டு நேராக மருத்துவமனை. என்னைக் கேட்டால், ஓட்டல் நீச்சல்குளமே மேல்.

பிரிக்பீல்ட்ஸ் தோழி: கூட்டமில்லாத கடற்கரை?

பந்தாய் கெராச்சுட். தெலுக் பஹாங்கில் தேசியப் பூங்கா வாசலிலிருந்து காட்டுக்குள் ஒன்றரை மணி நேர நடை. அங்கே ஆமை முட்டைகளைக் காத்துப் பொரிக்க வைக்கும் நிலையம் இருக்கிறது. கடல்நீர் அடியிலும் நன்னீர் மேலேயும் கலக்காமல் நிற்கும் ஏரி ஒன்றும் உண்டு. வறண்ட மாதங்களில் போனால் வெறும் சேறுதான். கடலில் மட்டும் இறங்காதீர்கள், இழுப்பு அதிகம். திரும்பும்போது கால் வலித்தால் படகு பிடிக்கலாம், ஏறுவதற்கு முன்பே விலை பேசிவிடுங்கள்.

சிரம்பான் ஐயா: தண்ணீர்மலையும் கொடிமலையும் ஒரே நாளில் முடியுமா?

தாராளமாக. தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி ஐயா, வெயிலுக்கு முன்பே முருகனைப் பார்த்துவிடுங்கள். கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலுக்குச் சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டமாக இருக்கும்.