20 ரூபாய் பிடித்தம், தீபாவளிச் சீட்டு, முகாம்: நிதி கேள்வி பதில்

புளியந்தோப்பு: மே கடைசியில் பேங்க்ல 20 ரூபாயும் 436 ரூபாயும் பிடிச்சிருக்காங்க. என்ன கணக்கு சார்?

பதில்: இரண்டும் மத்திய அரசுக் காப்பீடு. 20 ரூபாய் சுரக்ஷா பீமா, விபத்துக்கு மட்டும். வயது 18 முதல் 70. 436 ரூபாய் ஜீவன் ஜோதி, எந்தக் காரணத்தால் இறந்தாலும் உண்டு. 50 வயதுக்குள் சேர்ந்திருக்கணும். தலா 2 லட்சம், ஜூன் 1 முதல் மே 31 வரை.

நிதிக் கல்வி முகாம்ல இதைச் சொல்வாங்க. எங்கே அறுந்து போகும்னு சொல்ல மாட்டாங்க. மே கடைசி வாரம் கணக்கில் 456 ரூபாய் இல்லேன்னா பாலிசி சத்தமில்லாமல் நின்னுடும். ஜூலையில் ஏதாவது ஆகி கிளெய்முக்குப் போகும்போதுதான் வீட்டுக்கே தெரியும். மே 20-க்குள் 500 ரூபாய் போட்டு வைங்க. ஜூன்ல பாஸ்புக் என்ட்ரி போட்டு நாமினிகிட்ட காட்டுங்க. இரண்டு பேங்க்ல பிடிச்சாலும் ஒரு திட்டத்துக்கு ஒரே 2 லட்சம்தான். ஒண்ணை எழுதிக் கொடுத்து நிறுத்துங்க. விபத்து மரணம்னா எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கேட்பாங்க.

கொருக்குப்பேட்டை: தெருவுல தீபாவளிச் சீட்டு, மாசம் 1,000. வெள்ளிக் காசு, மளிகை, பட்டாசு தர்றாங்களாம். சேரலாமா அண்ணா?

பதில்: வேண்டாம்மா. 1982 சட்டப்படி நடக்கும் சீட்டுன்னா ஏலம் இருக்கும், பதிவு எண் இருக்கும், ஒப்பந்த நகல் கையில் கிடைக்கும். இதுல மூணுமே இருக்காது. ஏற்கெனவே கட்டியிருந்தால் மிச்சத் தவணையை ரொக்கமா கொடுக்காதீங்க, ஜிபேல போடுங்க. தவணை குறிக்கும் சீட்டு அட்டையை போட்டோ எடுத்து வைங்க. ஆள் ஓடிட்டா பொருளாதாரக் குற்றப்பிரிவுல அதுதான் சாட்சி. ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்திலும் புகார் பதியலாம்.

பெரும்பாக்கம்: எங்க மகளிர் குழுவுக்கு நிதிக் கல்வி முகாம் வேணும். யாரைக் கேட்கணும்?

பதில்: குழுக் கணக்கு உள்ள கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, அதை மாவட்ட முன்னோடி வங்கியின் (லீட் பேங்க்) நிதிக் கல்வி மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்க. தேசிய நிதிக் கல்வி மையத்திடமும் கேட்கலாம், கட்டணம் கிடையாது. ஸ்லைடு, குரூப் போட்டோ, சமோசான்னு முடிய விடாதீங்க. ஆளுக்கொரு கிளெய்ம் படிவம் நிரப்பிப் பார்க்கணும்னு முன்கூட்டியே கேளுங்க.

கே.கே. நகர்: ஓ.டி.பி. சொல்லி 40,000 போச்சு. பேங்க் கைவிரிக்குது.

பதில்: இப்பவே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிங்க, அடுத்த போன் பேங்குக்கு. ஓ.டி.பி. நீங்களே சொன்னதால், பேங்க்ல புகார் பதியும் வரை போனது உங்க தலையில். அதுக்கப்புறம் போனால் பேங்க் பொறுப்பு. அதனால் புகார் எண்ணும் நேரமும் எஸ்.எம்.எஸ்.ஸா வந்ததான்னு பாருங்க. 30 நாளில் பதில் இல்லேன்னா ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் போகலாம், செலவில்லை.