அடிபட்டவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிய சட்டம்

வாசகர் கேள்வி – பதில்

எகிப்து அரசர் இரண்டாம் ராம்சேஸும், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளின் அரசர் மூன்றாம் ஹத்துசிலியும் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்து வாசகர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். சிலருக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பைபிளில் வரும் ஏத்தியரும் நீங்கள் எழுதிய ஹிட்டைட்டுகளும் ஒரே மக்களா? – வாசகி, காட்பாடி

ஆபிரகாம் சாராளை அடக்கம் செய்ய ஏத்தின் புத்திரரிடம் நானூறு ஷெக்கல் (அன்றைய எடை அளவு) வெள்ளிக்கு நிலம் வாங்குகிறார். தாவீதின் படையில் ஏத்தியனான உரியா இருக்கிறான். ரொம்ப காலம் உலகத்துக்கு இந்த மக்களைப் பற்றித் தெரிந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். 1906-ல் துருக்கியின் போகாஸ்கோய் கிராமத்தில் ஹூகோ விங்க்லரும் தியோடர் மக்ரிடியும் தோண்டியபோது களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன. அந்த இடம்தான் ஹத்துசா, ஹிட்டைட்டுகளின் தலைநகரம். 1915-ல் பெட்ரிச் ஹ்ரோஸ்னி அவர்களுடைய மொழியைப் படிக்க வழி கண்டார். பேரரசு ஏறக்குறைய கி.மு. 1650 முதல் 1180 வரை இருந்தது. அது விழுந்த பிறகும் வட சிரியாவில் கார்கெமிஷ் போன்ற சிறிய அரசுகள் அந்தப் பெயரோடு நீடித்தன. கார்கெமிஷை அசீரிய அரசன் இரண்டாம் சர்கோன் கி.மு. 717-ல் பிடித்தான். உரியாவின் காலம் பேரரசு முடிந்த பிறகு வருவது. ஆகவே பெயரில் தொடர்பு உண்டு, ஆனால் பைபிளின் ஏத்தியரை அப்படியே ஹத்துசாவின் குடிமக்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரும்பை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் ஹிட்டைட்டுகள் என்று ஒரு கையேட்டில் படித்தேன். தேர்வில் அப்படி எழுதலாமா? – கல்லூரி மாணவர், குடியாத்தம்

எழுதாதே தம்பி. இரும்புக்கு அவர்கள் தனியுரிமை வைத்திருந்தார்கள், அந்தப் பலத்தில்தான் ஆண்டார்கள் என்பது பழைய கருத்து. அகழாய்வில் கிடைத்த பொருள்கள் அதற்குத் துணை நிற்கவில்லை. அவர்களுடைய ஆயுதங்கள் பெரும்பாலும் வெண்கலம். இரும்பு அபூர்வமான பொருளாக, அரசர்கள் பரிசாகக் கொடுக்கும் பொருளாக இருந்தது. ஹத்துசிலியின் கடிதம் ஒன்று இருக்கிறது. "நல்ல இரும்பு இப்போது என் கிடங்கில் இல்லை, இரும்பு செய்ய இது ஏற்ற காலமும் இல்லை, செய்யச் சொல்லியிருக்கிறேன், இப்போதைக்கு ஒரு குத்துவாள் அலகு அனுப்புகிறேன்" என்ற பொருளில் இன்னொரு அரசனுக்கு எழுதுகிறார். இரும்பு குவிந்து கிடந்த நாட்டின் அரசர் இப்படி எழுத மாட்டார்.

நம் பக்கத்துச் செய்தியையும் சேர்த்துக்கொள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2025 ஜனவரி அறிக்கை, சிவகளையை வைத்து அதைக் கி.மு. 3345 வரை கொண்டுபோகிறது. திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியிலும் இரும்பு உருக்கிய தடயம் கிடைத்திருக்கிறது, அது காலத்தால் பிந்தியது. முடிந்தால் அந்த மலைப்பக்கம் ஒரு தடவை போய்விட்டு வா.

ஹிட்டைட் சட்டங்கள் மனிதத்தன்மை உள்ளவை என்று எழுதியிருந்தீர்கள். அடிபட்ட தொழிலாளிக்கு அந்தக் காலத்தில் என்ன கிடைத்தது? – டேனரி தொழிலாளி, ஆம்பூர்

ஐயா, இந்தப் பகுதியில் நான் அதிகம் எழுத ஆசைப்பட்டது உங்கள் கேள்விக்குத்தான்.

இருநூறு பிரிவுகள் அளவுக்கு அவர்களுடைய சட்டம் கிடைத்திருக்கிறது. பத்தாவது பிரிவு இப்படிப் போகிறது: ஒருவன் இன்னொருவனை அடித்து முடக்கிவிட்டால், அடித்தவன்தான் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிபட்டவன் எழுந்து நடமாடும் வரை அவன் வீட்டு வேலைகளைச் செய்ய ஓர் ஆளை அனுப்ப வேண்டும். குணமான பிறகு 6 ஷெக்கல் வெள்ளி தர வேண்டும், வைத்தியர் கூலியும் அடித்தவன் பொறுப்பு. அதே சட்டத்தில் ஓர் ஆட்டின் விலை 1 ஷெக்கல், உழவு மாட்டின் விலை 12. அப்படியென்றால் 6 ஷெக்கல் என்பது அரை உழவு மாடு.

இது அடிதடிக்கான சட்டம், தொழிற்சாலை விபத்துக்கானது இல்லை. ஆனாலும் 'ஆள் அனுப்ப வேண்டும்' என்ற அந்த ஒரு வரிக்காக நான் இந்தச் சட்டத்தை மதிக்கிறேன். என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அண்ணன் டேனரி டிரம்மில் கை சிக்கி இரண்டு விரல்களை இழந்தான். கொஞ்சம் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை, அண்ணன் சம்பாதித்ததை ஈடுகட்ட வேலைக்குப் போய்விட்டாள். நன்றாகப் படிக்கிற பெண். ஒருவன் படுத்தால் அவன் வேலை யார் தலையில் விழும் என்று ஹத்துசாவில் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். மூவாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் யோசித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். பல பிரிவுகளில் 'முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு' என்று தண்டனையைக் குறைத்தே எழுதியிருக்கிறார்கள். தலையில் காயம் பட்டால் முன்பு அபராதம் 6 ஷெக்கல், அதில் 3 அடிபட்டவனுக்கு, 3 அரண்மனைக்கு. பிறகு அரசர் அரண்மனைப் பங்கை விட்டுக்கொடுத்தார், அடிபட்டவனுக்கு உள்ள 3 மட்டும் நின்றது. பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டத்தில் சமமான இருவருக்குள் கண்ணுக்குக் கண் போகும். இங்கே கண்ணைக் குருடாக்கினால் 20 ஷெக்கல் வெள்ளி. நாய்க்குக்கூட விலை உண்டு: மேய்ப்பனின் நாயைக் கொன்றால் 20, வேட்டைக்காரனின் நாய்க்கு 12, வாசலில் கிடக்கும் நாய்க்கு 1.

அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அடிமையின் கண்ணுக்கு 10 ஷெக்கல்தான், பாதி விலை. அரசரின் தீர்ப்பை ஏற்க மறுத்தால் வீட்டையே மண்மேடாக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இந்திரன், வருணன் பெயர் துருக்கியில் கிடைத்தது உண்மையா? – வாசகர், வாலாஜாபேட்டை

உண்மை. ஹிட்டைட் அரசர் முதலாம் சுப்பிலுலியுமா, மித்தனி நாட்டு இளவரசன் சத்திவாசாவோடு கி.மு. 14-ம் நூற்றாண்டில் ஓர் உடன்படிக்கை செய்தார். அதில் மித்தனி தரப்புச் சாட்சித் தெய்வங்களாக மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் (அசுவினி தேவர்கள்) வருகிறார்கள். அவர்கள் மித்தனியின் தெய்வங்கள், ஹிட்டைட்டுகளுடையவர்கள் அல்லர். பட்டியலில் அவர்களைத் தவிர இன்னும் ஏராளமான தெய்வங்கள் உண்டு. எந்த ஊரைச் சேர்த்துக்கொண்டாலும் அந்த ஊர்ச் சாமியையும் சேர்த்துக்கொண்டவர்கள் ஹிட்டைட்டுகள், தங்கள் நாட்டை ஆயிரம் தெய்வங்களின் நாடு என்றே சொன்னார்கள். ஹத்துசாவுக்குப் பக்கத்தில் யாசிலிகாயா என்ற பாறைக் கோயிலில் அந்தத் தெய்வங்கள் வரிசையாக நடந்து வருவதைச் செதுக்கியிருக்கிறார்கள். வள்ளிமலைப் பாறையில் சமணச் சிற்பங்களைப் பார்த்து நின்றவர்களுக்கு அந்தப் படங்களை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வராது.

உடன்படிக்கையில் ராணியின் முத்திரையும் இருந்ததாமே? – வாசகி, ஆர்க்காடு

இருந்தது. அவள் பெயர் புதுஹேபா, இன்றைய தென் துருக்கியில் இருந்த கிஸ்ஸுவத்னாவைச் சேர்ந்த ஒரு பூசாரியின் மகள். ஹத்துசிலியை மணந்து ராணியானாள். ஏறக்குறைய கி.மு. 1259-ல் வெள்ளித் தகட்டில் எழுதிய அந்த உடன்படிக்கையில் அரசரின் முத்திரையோடு அவள் முத்திரையும் இருந்தது என்று எகிப்தில் கர்னாக் கோயில் சுவரில் வெட்டிய படி சொல்கிறது. வெள்ளித் தகடு கிடைக்கவில்லை. ஹத்துசாவில் கிடைத்த களிமண் படி துருக்கியில் இருக்கிறது. அதன் பிரதி ஒன்றை 1970-ல் துருக்கி ஐ.நா. சபைக்குக் கொடுத்தது, நியூயார்க் தலைமையகத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

அதில் எனக்கு முக்கியமாகப் படும் விதி ஒன்று உண்டு. ஒரு நாட்டிலிருந்து ஓடிப்போனவரை மற்ற நாடு திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் திரும்பி வந்தவருடைய வீட்டையோ மனைவி மக்களையோ அழிக்கக் கூடாது, அவருடைய கண், காது, வாய், காலுக்குத் தீங்கு செய்யக் கூடாது. கி.மு. 1274 வாக்கில் காதேஷில் மோதிக்கொண்ட இரண்டு நாடுகள் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

புதுஹேபா ராம்சேஸுக்கு நேரடியாகவே கடிதம் எழுதினாள். மகளைச் சீர் வரிசையோடு எகிப்துக்கு மணம் முடித்து அனுப்பத் தாமதமானபோது ராம்சேஸ் குறைபட்டுக்கொண்டார். என் சகோதரரிடம் (ராம்சேஸைத்தான் அப்படி அழைக்கிறாள்) ஒன்றுமே இல்லையா, என்னிடமிருந்து வாங்கித்தான் பணக்காரராக வேண்டுமா, இது நட்புக்கும் மரியாதைக்கும் அழகில்லை என்று அவள் திருப்பிக் கேட்டாள். சீர் வரிசை விஷயத்தில் பெண் வீட்டார் வாய் திறக்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டும். அதே புதுஹேபா, நோயாளியான கணவர் பிழைத்திருக்க வேண்டும் என்று தெய்வங்களுக்கு வெள்ளியும் பொன்னும் நேர்ந்துகொண்டவள். அந்த வேண்டுதல்களையும் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு பெரிய அரசு எப்படி அழிந்தது? வறட்சிதான் காரணமா? – விவசாயி, காவேரிப்பாக்கம்

ஏரிக்கரையில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், அதனால் தண்ணீரிலிருந்தே சொல்கிறேன். அவர்களுடைய நாடு பெரும்பாலும் மழையை நம்பிய மேட்டு நிலம். அதற்கு அவர்கள் தயாராகவே இருந்தார்கள். ஹத்துசாவில் குளங்கள் வெட்டினார்கள், நிலத்தடியில் பெரிய தானியக் குழிகள் அமைத்து மண் மூடி வைத்தார்கள். ஹத்துசாவுக்குப் பக்கத்து ஊரான அலாஜாஹோயூக்கில் அரசர் நான்காம் துதாலியா கி.மு. 13-ம் நூற்றாண்டில் ஓர் அணை கட்டி ஹேபாத் என்ற தெய்வத்தின் பெயரில் விட்டார்.

மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர்களிடம் ஒரு கதையும் இருந்தது. தெலிபினு என்ற தெய்வம் கோபித்துக்கொண்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறது. ஊற்று வற்றுகிறது, ஆடு மாடு சினை பிடிப்பதில்லை, தெய்வங்களே விருந்து சாப்பிட்டும் பசி அடங்கவில்லை. கழுகு தேடிப் பார்க்காத இடமில்லை, ஆனால் கண்டுபிடித்தது தேனீ. கொட்டி எழுப்பியதில் தெலிபினுவின் கோபம் இன்னும் கூடுகிறது. பிறகு சடங்கு செய்து தணித்துத்தான் அழைத்து வருகிறார்கள்.

இனி உங்கள் கேள்வி. துருக்கியின் கோர்டியனில் கிடைத்த பழைய ஜூனிப்பர் மரங்களின் வளையங்களை ஆராய்ந்து 2023-ல் வெளிவந்த ஆய்வு, கி.மு. 1198 முதல் 1196 வரை அடுத்தடுத்து மூன்று வருடம் கடுமையான வறட்சி என்று காட்டுகிறது. ஒரு வருடம் பொய்த்தால் குழியிலிருக்கும் தானியம் தாங்கும், இரண்டாம் வருடம் விதைநெல்லில் கை வைக்க வேண்டி வரும், மூன்றாம் வருடம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்பே தானியப் பற்றாக்குறை இருந்தது. ஹத்தி நாட்டை, அதாவது ஹிட்டைட் நாட்டை, உயிரோடு வைக்கக் கப்பலில் தானியம் அனுப்பியதாக எகிப்து அரசன் மெர்னெப்தா கல்வெட்டில் சொல்கிறான்.

ஆனால் வறட்சி மட்டும்தான் என்று எழுதுகிற கட்டுரைகளை நான் ஏற்கவில்லை. ஹத்துசிலி, அண்ணன் மகனை இறக்கிவிட்டு அரியணை ஏறியவர், அரச குடும்பத்துக்குள் அந்தப் பகை ஆறவே இல்லை. கடைசி அரசர் இரண்டாம் சுப்பிலுலியுமா காலத்தில் கடலிலும் போர் நடந்தது. தானியம் வரும் கடல் வழி ஆபத்தில் இருக்கும்போது, உள்ளேயும் பிளவு இருக்கும்போது வந்த வறட்சி அது. ஹத்துசா எரிந்ததற்கான அடையாளம் உண்டு, ஆனால் அதற்கு முன்பே அரண்மனையையும் கோயில்களையும் காலி செய்திருக்கிறார்கள். எரிந்த கட்டடங்களில் விலையுயர்ந்த பொருள்கள் பெரிதாகக் கிடைக்கவில்லை. அரசரும் அதிகாரிகளும் எங்கே போனார்கள் என்பதற்குப் பலகை எதுவும் கிடைக்கவில்லை. துதாலியாவின் அணையைச் சமீப காலத்தில் தூர் வாரினார்கள், அதில் இப்போதும் தண்ணீர் தேங்குகிறது.