ஃபீஸ் பாக்கிக்காக டி.சி. தர மறுத்தால்

சகோதரி, அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு 50% வரி போட்ட பிறகு திருப்பூரில் கணவரின் ஷிப்ட் குறைந்தது, ஐந்தாவது முடித்த மகளுக்கு ஃபீஸ் பாக்கியைக் காட்டித் தனியார் பள்ளி டி.சி. தரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இதற்காகக் கந்துவட்டிக்குப் போகாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதத்தைச் சொல்லி அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்க முடியாது. பிறப்புச் சான்றிதழ், ஆதாரோடு பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையதள மாணவர் பதிவேடு) பதிவைப் பழைய பள்ளி விடுவிக்காவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆறாவதிலேயே சேர்ப்பது முக்கியம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்; மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடும் உண்டு. பாக்கியைப் பிறகு பேசித் தவணையில் அடைக்கலாம்.