புதுக் கார் எடுத்த மூன்றாம் வாரம்: உறுத்தலில் எதைச் சரிசெய்யலாம், எதை விட்டுவிட வேண்டும்

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன், கிளட்ச் மிதிக்காமல் தானாகக் கியர் மாறும் ஏஎம்டி வைத்த பெட்ரோல் கார் எடுத்தேன். ஷோரூம் விலை 9.20 லட்சம், எல்லாம் சேர்ந்து 11.25 லட்சம் ஆகிவிட்டது. 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம். டவுனுக்குள் 11 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது. கியர் மாறும்போது தலை ஆடுகிறது, மேடு பள்ளத்தில் தூக்கிப் போடுகிறது. கூட வேலை செய்பவர், ‘இந்தப் பணத்துக்கு வேற வண்டியே எடுத்திருக்கலாமே’ என்கிறார். அதிலிருந்து தூக்கம் வரவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? இல்லை, இப்போதே விற்றுவிடலாமா?

பதில்: திருப்பிக் கொடுக்க முடியாது. ‘பிடிக்கவில்லை’ என்ற காரணத்துக்காக இத்தனை நாளுக்குள் காரைத் திருப்பித் தரலாம் என்ற சட்ட உரிமை இந்தியாவில் இல்லை. ஆர்.டி.ஓ. பதிவுக்கு முன்பு என்றால் டீலர் மனது வைத்து பில்லை ரத்து செய்யக்கூடும். ஆர்.சி.யில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் அது சந்தையைப் பொறுத்தவரை ‘செகண்ட் ஹேண்ட்’ வண்டி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுதுள்ள பொருளுக்கும், சேவைக் குறைபாட்டுக்கும், ஏமாற்று வியாபாரத்துக்கும்தான் கைகொடுக்கும். மனம் மாறியதற்குக் கொடுக்காது.

விற்கலாமா என்பதற்குக் கணக்கே பதில் சொல்லட்டும். நீங்கள் கொடுத்த 11.25 லட்சத்தில் 9.20 லட்சம்தான் வண்டியின் விலை. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1.20 லட்சம். மிச்சம் இன்சூரன்ஸ், ஆக்சசரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி. இந்த 2 லட்சத்துச் சொச்சத்துக்குப் பழைய கார் வாங்குகிறவர் விலை போட மாட்டார். மூன்று வாரம் ஓடிய வண்டிக்கு 8.50 லட்சம் கிடைத்தாலே நல்ல விலை என்று வைத்துக்கொள்வோம், அப்போதும் 2.75 லட்சம் நஷ்டம். உங்கள் மாதத் தவணை 12,871 ரூபாய். நஷ்டம் மட்டுமே 21 தவணைக்குச் சமம். கடனை இவ்வளவு சீக்கிரம் முடித்தால் வங்கி வசூலிக்கும் கட்டணம் தனி.

விலை வீழ்ச்சியின் பெரும் பங்கு முதல் நாளிலேயே நடந்து முடிந்துவிட்டது. இன்று விற்றாலும் ஆறு மாதம் கழித்து விற்றாலும் இந்த 2 லட்சம் போனது போனதுதான். ஆகவே அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. முதல் இரண்டு சர்வீஸ் முடியும்வரை விற்பது பற்றிய பேச்சே வேண்டாம். அதற்குள் நீங்கள் சொன்ன மூன்று குறையையும் ஒவ்வொன்றாக அளந்து பார்த்துவிடலாம்.

தூக்கிப் போடுவதிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதற்குக் காசே ஆகாது. தொழிற்சாலையிலிருந்து லாரியில் வந்து யார்டில் நாள்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்கு டயரில் காற்றை அதிகமாக ஏற்றி வைப்பார்கள். டெலிவரிக்கு முன் அதைக் குறைக்க வேண்டும். பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் வண்டிக்கான அளவு இருக்கும். இந்த ரகக் கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 பி.எஸ்.ஐ.க்குள் வரும். காலையில், வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடாத நிலையில், நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள். 40-க்கு மேல் காட்டினால் வண்டி ஏன் கட்டை வண்டி மாதிரி குதித்தது என்பது விளங்கிவிடும். பங்க்காரர் ‘எல்லாத்துக்கும் 35 போதும் சார்’ என்றால் கேட்காதீர்கள். ஸ்டிக்கரில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

அடுத்தது தலையாட்டம். ஏஎம்டி என்பது தனி ரக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்ல. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸில், உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ செய்கிறது, அவ்வளவுதான். கியர் மாறும் கணத்தில் கிளட்ச் விடுபடும், இன்ஜின் இழுவை அறுபடும், தலை முன்னே போய் வரும். இது பழுது இல்லை, அதன் பிறவிக் குணம். டெஸ்ட் டிரைவின்போது காலியான ரோட்டில் ஒரே சீராக ஓட்டியிருப்பீர்கள், அதனால் தெரிந்திருக்காது. ஓட்டும் முறையை மாற்றினால் பெருமளவு குறையும். வேகம் கூடிக் கியர் ஏறப்போகும் இடம் இரண்டு நாளில் காதுக்குப் பழகிவிடும். அந்த நொடியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாகத் தளர்த்துங்கள். ஓவர்டேக் செய்யும் முன் மேனுவல் மோடுக்கு மாற்றி நீங்களே ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. பாலத்து ஏற்றத்தில் டிராஃபிக் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை அரைகுறையாக அழுத்தியபடி வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். கிளட்ச் தேய்ந்தே கருகும். கிளட்ச் தகடு தேய்மானப் பொருள் என்பதால் பொதுவாக வாரண்டியில் வராது. செலவு உங்கள் தலையில்.

முதல் சர்வீஸில் கிளட்ச் கேலிபரேஷனை, அதாவது கிளட்ச் பிடிக்கும் இடத்தின் அளவை, ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி தானாக நியூட்ரலுக்குப் போவது, கியர் எண் மின்னுவது, நின்று கிளம்பும்போது வண்டி முழுக்க நடுங்குவது, கருகல் வாடை வருவது: இவை எதுவும் பிறவிக் குணம் அல்ல. இவற்றில் ஒன்று இருந்தாலும் சர்வீஸ் தேதி வரை காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.

மைலேஜ் விஷயத்தில், டிஸ்ப்ளேயில் தெரியும் 11-ஐ வைத்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனி சொல்லும் எண், ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டி, ஏசி போடாமல், அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகம் வரை அளந்தது. மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடி நிறுத்தி, மறுபடி எடுத்து, சிக்னலில் ஏசியோடு நிற்கும் டவுன் ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. உண்மையான அளவு இப்படி: பம்ப் தானாக ‘கட்’ ஆகும்வரை நிரப்புங்கள், அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். 400 கிலோமீட்டர் ஓடியதும் அதே பங்க்கில், அதே பம்ப்பில், மறுபடி கட் ஆகும்வரை நிரப்புங்கள். 412 கிலோமீட்டருக்கு 29.4 லிட்டர் பிடித்தால் 14 கிலோமீட்டர். இதை மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். முதல் 1,000 கிலோமீட்டருக்குள் கிடைக்கும் எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்தத் தூரம் முழுக்க ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்காமலும், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமலும் இருங்கள். அதன் பிறகும் டவுன், நெடுஞ்சாலை கலந்த ஓட்டத்தில் 10, 11-ஐத் தாண்டவில்லை என்றால், மூன்று பெட்ரோல் பில்லையும் கிலோமீட்டர் குறிப்பையும் எடுத்துக்கொண்டு சர்வீஸுக்குப் போகலாம். சும்மா ‘மைலேஜ் இல்லை’ என்றால், ‘போகப் போகச் சரியாகிடும் சார்’ என்றுதான் பதில் வரும்.

சர்வீஸுக்குப் போகும்போது, புகார் உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலையை எழுதும் சர்வீஸ் தாளில்) ஏற வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது அட்வைசர்களின் வழக்கம். ‘2-லிருந்து 3-ஆம் கியருக்குப் போகும்போது குலுங்குகிறது, ஓடிய தூரம் 1,040 கி.மீ.’ என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். குலுக்கலை வீடியோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஒரே பழுதுக்கு மூன்று முறை போயும் தீரவில்லையென்றால் சேஸிஸ் எண்ணோடு தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். டீலரிடம் மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; 10 முதல் 20 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய்; பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் புது வண்டியே கிடைத்துவிடும் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டியின் பொருள், வண்டியையே மாற்றித் தருவது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது.

இன்றைக்கே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஆர்.சி.யில் இருக்கும் தயாரிப்பு மாதமும் வருடமும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அதற்குத் துணைச் சாட்சி. 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். போன வருடத்து வண்டியை இந்த வருடத்து விலைக்கு, சொல்லாமல் தள்ளிவிட்டிருந்தால், அது வெறும் உறுத்தல் அல்ல. வழக்குப் போடத் தகுந்த ஏமாற்று. நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ ‘அதே வண்டியை 40 ஆயிரம் குறைச்சு எடுத்தேன்’ என்றால், முதலில் அவருடைய தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். டிசம்பரில் தரும் தள்ளுபடி பெரும்பாலும் ஜனவரியில் ஒரு வயது கூடிவிடும் வண்டிக்கான விலைக்குறைப்பு. விற்கும்போது அந்த ஒரு வருடத்தை வாங்குகிறவர் கழித்துக்கொள்வார்.

உண்மையில் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது வண்டியை விட அந்த 11.25 லட்சம் என்றே தோன்றுகிறது. வண்டியை மாற்ற முடியாவிட்டாலும் காகிதங்களில் மாற்றக்கூடியது நிறைய இருக்கிறது. பில்லை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ‘ஹேண்ட்லிங்’, ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்று ஏதாவது இருந்தால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்; எழுத்தில் கேட்டவருக்குத் திரும்பக் கொடுத்துவிடுவது உண்டு. இன்னும் பொருத்தாத ஆக்சசரீஸை வேண்டாம் என்று சொல்லலாம். எக்ஸ்டெண்டட் வாரண்டியை டெலிவரி அன்றே வாங்கியாக வேண்டியதில்லை. மூல வாரண்டி முடிவதற்குள் வாங்கலாம், தாமதித்தால் விலை கொஞ்சம் ஏறும்.

இன்சூரன்ஸில் மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்த சேதத்துக்கான பகுதி ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த வருடம் அதை எந்த நிறுவனத்திலும் எடுக்கலாம், டீலரிடம் போக வேண்டியதில்லை. பழைய காரை விற்றுவிட்டு இதை எடுத்தீர்களா? அப்படியானால் அந்தக் காரில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுடையது, காரோடு போய்விடாது. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்திருந்தால் சொந்த சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. பழைய நிறுவனத்திடம் அதற்கான சான்று வாங்கினால் மூன்று வருடம் வரை செல்லும். டெலிவரி அவசரத்தில் இதைக் கோட்டைவிடுகிறவர்கள் ஏராளம். பில் தொகையையே ஈடாகத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் காப்பை மட்டும் முதல் மூன்று வருடம் எடுக்காமல் விடாதீர்கள். வண்டி களவு போனால் சாதாரண பாலிசி ஐடிவி தொகையை, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பைத்தான் தரும். அது ஷோரூம் விலையை விடக் குறைவாகவே இருக்கும், பாலிசியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இன்னும் குறையும், கட்டிய ஆயுள் வரி அதில் சேராது.

ஏழு வருடக் கடன்தான் எங்கள் கண்ணுக்குப் பெரிய தவறு. 7 வருடத்தில் நீங்கள் கட்டும் வட்டி ஏறத்தாழ 2.81 லட்சம், ஐந்து வருடமாக இருந்தால் தவணை 16,607, வட்டி 1.96 லட்சம். முதல் வருடம் முழுக்கக் கட்டிய பிறகும் அசல் 7.14 லட்சம் நிற்கும். அந்த நேரத்தில் போனஸோ சீட்டுப் பணமோ வந்து 1 லட்சத்தை அசலில் கட்டினால், தவணையை மாற்றாமல், கடைசியில் 12 தவணை குறையும். வட்டியில் 60 ஆயிரத்துக்கு மேல் மிச்சம். கட்டும்போது ‘தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள். கார் கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பதால் பகுதி அசல் கட்டவும் கட்டணம் இருக்கலாம். கடனோடு தந்த முக்கிய விவரத் தாளில் அது எவ்வளவு என்று போட்டிருக்கும்.

கூட வேலை செய்பவர் சொன்னதற்கு வருவோம். இரண்டு நல்ல பொருளில் ஒன்றை எடுத்தவுடன், எடுக்காததன் நல்லதும் எடுத்ததன் கெட்டதும் மட்டும் கண்ணில் படுவது மனித இயல்பு. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-இல் இதற்கு ஒரு கோட்பாடே எழுதினார். அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், புதுக் கார் எடுத்தவர்கள் தாங்கள் வாங்கிய வண்டியின் விளம்பரத்தையே தேடிப் படித்தது தெரிந்தது. மனம் தனக்கு ஆறுதல் தேடிக்கொண்டது. இன்று கைப்பேசி அதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. வாங்கும் முன் நீங்கள் பார்த்த ஒப்பீட்டு வீடியோக்களை வைத்து, வாங்கிய பிறகும் போட்டி வண்டியையே காட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தேடல் வரலாற்றை அழித்துவிட்டு, இரண்டு மாதம் கார் வீடியோ பக்கமே போகாதீர்கள்.

ஆறு மாதம் கழித்து, தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் கூட்டிப் பாருங்கள். மாதம் 600 கிலோமீட்டர், லிட்டர் 101 ரூபாய், 14 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் பெட்ரோல் 4,300. எல்லாம் சேர்த்து மாதம் 20 ஆயிரத்தைத் தொடும். இதைக் கட்ட வேறு கடன் வாங்க வேண்டிய நிலை என்றாலோ, வீட்டில் ஆறு பேர் இருந்து வண்டி பத்தவில்லை என்றாலோ விற்பது நியாயம். கியர் ஆட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். விற்பதாக இருந்தால் ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்குங்கள். கடனை முடித்து வங்கியிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்கப் படிவம் 35-உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-உம் வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே வண்டி கைமாறிய தேதியும் நேரமும் எழுதி, வாங்கியவர் கையெழுத்திட்ட தாளை வாங்கி வைத்துக்கொண்டு, அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பெயர் மாறிவிட்டதா என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள்.