வாசகர் கேள்வி – பதில்: அஸெராத்தின் பொற்காசு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: என் மகன் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாடுகிறான். அந்த விளையாட்டில் புழங்கும் பொற்காசுகளை வெளியிடுவது யார்? அவற்றின் மதிப்பு குறையாதா?

பதில்: காசைப் பிறப்பிப்பவர்கள் விளையாடுகிறவர்களே. 2004 நவம்பரில் வெளிவந்த, அஸெராத் என்னும் கற்பனை உலகில் நடக்கும் அந்த விளையாட்டில் 100 செப்புக்காசு ஒரு வெள்ளிக்காசு. 100 வெள்ளிக்காசு ஒரு பொற்காசு. ஒருவர் ஓநாயை வீழ்த்தி, அதன் பல்லையோ தோலையோ கணினி இயக்கும் கடைக்காரரிடம் விற்றால், அவருக்குக் கிடைக்கும் காசு எந்தக் கஜானாவிலிருந்தும் எடுத்துத் தரப்படுவதில்லை. விற்ற அந்த நொடியில்தான் அது உண்டாகிறது. இரண்டு வீரர்கள் தமக்குள் ஒரு வாளை விற்று வாங்கும்போதோ, காசு கைமாறுகிறதே தவிரப் புதிதாக எதுவும் பிறப்பதில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

லட்சக்கணக்கானோர் நாள்தோறும் ஓநாய்களை வெட்டிக்கொண்டே இருந்தால் காசு பெருகி, விலைவாசி ஏறத்தான் செய்யும். அதனால் பிறக்கும் காசை அழிப்பதற்கும் வழிகள் வைத்திருக்கிறார்கள். கவசத்தைப் பழுதுபார்க்கும் கூலி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பறந்து செல்லும் கட்டணம், வீரர்கள் தமக்குள் பொருட்களை விற்று வாங்கும் ஏலக்கூடத்தில் விற்ற விலையில் பிடிக்கப்படும் 5 சதவீதம் ஆகியவை யாருடைய பைக்கும் போவதில்லை, அப்படியே மறைந்துவிடுகின்றன. 2014-இல் விளையாட்டுக்குப் புதிய பகுதிகளைச் சேர்த்து வந்த விரிவாக்கத்தில், வீரர்கள் தம் கோட்டையிலிருந்து ஆட்களைப் பணிக்கு அனுப்பியே ஏராளமாகப் பொன் சேர்த்தார்கள். 2018-இல், ஏலக்காரரையே முதுகில் சுமந்து செல்லும் ராட்சத டைனோசர் வாகனம் ஒன்று 50 லட்சம் பொற்காசுக்கு விற்பனைக்கு வந்தது. செல்வர்களிடம் தேங்கிய காசை இது பெருமளவில் உறிஞ்சிக்கொண்டது. நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் 2024-இல் அதே வசதியுள்ள மற்றொரு டைனோசரை 90 டாலருக்கு விளையாட்டை நடத்தும் நிறுவனமே விற்றது. பொன்னை அழித்திருக்க வேண்டிய ஒரு வழி வங்கி அட்டைக்குத் திறந்துவிடப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: ஒருவர் எவ்வளவு பொன் வைத்திருக்கலாம்?

பதில்: தொடக்க காலத்தில் உச்சவரம்பு 2,14,748 பொற்காசும் சில்லறையும். காசு முழுவதும் செம்பாகவே கணக்கிடப்பட்டு கணினியில் 32 பிட் (இரும இலக்கம்) இடத்துக்குள் கூட்டல், கழித்தல் குறியோடு கூடிய எண்ணாகச் சேமிக்கப்பட்டதும், அத்தகைய எண் ஏறத்தாழ 214 கோடிக்கு மேல் போக முடியாததுமே காரணம். பின்னர் அது படிப்படியாக உயர்த்தப்பட்டு, ஒரு கதாபாத்திரத்துக்கு 99,99,999 பொன் என்றானது.

கேள்வி: என் மகன் ஓர் இணையதளத்தில் மலிவாகப் பொன் வாங்கினான், சில நாட்களில் கணக்கு முடக்கப்பட்டது. பணம் கொடுத்துப் பொன் பெற நேரான வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. 2015 ஏப்ரலில் 'டோக்கன்' என்ற முறை வந்தது. அமெரிக்காவில் ஒருவர் 20 டாலருக்கு டோக்கன் வாங்கி ஏலக்கூடத்தில் விற்கலாம். பொன் கொடுத்து அதை எடுப்பவர் 30 நாள் விளையாட்டு நேரமாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மீண்டும் விற்க முடியாது. விலையை விற்பவர் நிர்ணயிப்பதில்லை. தேவைக்கும் வரத்துக்கும் ஏற்ப நிறுவனத்தின் கணினியே நிர்ணயிக்கிறது. அங்கு 30,000 பொன்னில் தொடங்கிய அந்த விலை பிற்பாடு 2 லட்சத்தையும் தாண்டியது. டோக்கனால் ஒரு செப்புக்காசுகூடப் புதிதாகப் பிறப்பதில்லை. ஏற்கெனவே உழைத்துச் சேர்த்தவரின் பொன் நேரமில்லாதவரிடம் போகிறது, அவ்வளவே.

வெளியார் விற்கும் பொன் அப்படிப்பட்டதல்ல. தானியங்கி நிரல்களை இரவு பகலாக ஓடவிட்டுத் திரட்டியதாகவோ, பிறருடைய கணக்கை உடைத்துத் திருடியதாகவோ அது பெரும்பாலும் இருப்பதால்தான் வாங்கியவர்மீதும் நடவடிக்கை பாய்கிறது. உங்கள் மகன் முறையீடு செய்து பார்க்கலாம். நடந்ததை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். வாங்கிய பொன் திரும்பக் கிடைக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். அந்தத் தளத்தில் கொடுத்த கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தியிருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். வங்கி அட்டையின் விவரத்தைக் கொடுத்திருந்தால் வங்கிக்கும் தெரிவியுங்கள்.