கொக்குப் பெட்டி

ஐயா,

திருப்பெரும்புதூர் அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஊர் திரும்பிய கொரிய மேலாளர் ஒருவர் எனக்கு ஒரு கறுப்பு நகைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். மூடியில் கொக்குகள் மின்னுகின்றன. சிப்பி என்றார் அவர். பிளாஸ்டிக் என்கிறாள் மனைவி. நான் தூத்துக்குடிக்காரன். காலங்காலமாக முத்துக்குளித்த நமக்கு இப்படியொரு கலை ஏன் வாய்க்கவில்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வீட்டு வழக்கைத் தீர்ப்போம். பெட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஓர் இறகு பச்சையாகும்போது பக்கத்து இறகு ரோஜா நிறமானால் பெரும்பாலும் அது ஓடுதான். அச்சடித்ததென்றால் எல்லாம் ஒரே சீராகப் பளபளக்கும். ஓட்டில் சாயம் ஏதும் இல்லை. ஒளி ஊடுருவும் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மழைத் தெருவில் எண்ணெய்ப் படலம் காட்டும் அதே வித்தை.

ஆனால் முத்துச்சிப்பியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கொரியர்கள் பெரிதும் விரும்புவது அபலோன் என்ற கடல்நத்தையின் ஓட்டை. கலையின் பெயர் நஜோன்சில்கி. தோங்யோங் துறைமுகம் இதற்குப் பேர்போன ஊர். ஓட்டைத் தாள்போலத் தேய்த்து, நூல்நூலாக அறுத்துக்கொள்கிறார்கள். கைவினைஞர் அந்த நூலைப் பசைமேல் படிய வைத்து, கத்திமுனையால் அழுத்தி, டக்கென்று ஒடிக்கிறார். அடுத்த துண்டு, மறுபடி டக். ஒரு சிறு அறுகோணத்துக்கே ஆறு ஒடிப்பு! 1123இல் கொரியாவுக்கு வந்த சீனத் தூதர் சூ ஜிங், அங்குள்ள மெருகுவேலை சுமார்தான், சிப்பிவேலையோ நுட்பம் என்று எழுதி வைத்தார்.

பெட்டியின் அந்தக் கறுப்பு மெருகு நம் அரக்கு அல்ல. அரக்கு பூச்சி தருவது, இது மரப்பால். மா, முந்திரி, சேங்கொட்டை இவற்றின் குடும்பத்து மரம். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்பளிக்கும். ஈரக்காற்றில்தான் உலரும் என்பது இன்னும் வேடிக்கை.

அந்த மரம் நமக்கு இல்லை, மன்னார் வளைகுடா முத்துச்சிப்பியோ உள்ளங்கை அளவுகூட வராத மெல்லிய ஓடு, அதனால்தான் என்று சொல்லி முடித்துவிடலாம். குஜராத் விடுவதாக இல்லை. அங்கே 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பெரிய கடல்நத்தை ஓட்டைத் துண்டுகளாக்கி, பித்தளை ஆணி அடித்து, தட்டும் கிண்ணமும் செய்தார்கள். ஆக்ரா அருகே ஃபதேபூர் சிக்ரியில் சூஃபி ஞானி சலீம் சிஷ்தியின் கல்லறை மேல்விதானமும் சிப்பி இழைத்ததுதான். வாங்குவதற்கு மொகலாயரும் போர்த்துக்கீசியரும் இருந்தார்கள். அதே போர்த்துக்கீசியர் உங்கள் கரைக்கும் வந்தார்கள். இங்கே அவர்கள் கண் முத்தின் மேல். சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், சிப்பியைக் குவித்து, சதை அழுகவிட்டு, அலசி முத்தெடுத்த பிறகு ஓட்டை யார் பார்த்தார்கள்? 1961உடன் அந்தச் சலாபமும் நின்றுபோனது. ஓடு கிடைக்காததல்ல, ஓட்டைக் கேட்க ஆள் இல்லாததே குறை என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. விலை குறைந்த பெட்டிகளுக்கு மரப்பாலுக்குப் பதில் முந்திரிக்கொட்டை எண்ணெயிலிருந்து ஆலையில் செய்த மெருகைப் பூசுவதும் உண்டு. உங்களுடையது அப்படியென்றால் கொக்கு நிஜம், கறுப்பு போலி. மனைவி சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. சோதித்து முடித்ததும் பெட்டியை வெயிலிலிருந்து உள்ளே எடுத்துவிடுங்கள்.