வாசகர் கேள்வி: தஞ்சை ராணி தொடுத்த வழக்கு

கேள்வி (திருவல்லிக்கேணி வாசகி): வாரிசு இழப்புக் கொள்கை என்றாலே சதாரா, ஜான்சி, நாக்பூர் என்று ஒப்பிக்கிறாள் என் மகள். நம் பக்கம் அது நடக்கவே இல்லையா?

பதில்: ஆண் வாரிசு இல்லாமல் மன்னர் இறந்தால் நாட்டைக் கும்பினியே, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியே, எடுத்துக்கொள்ளும் என்பதுதான் அந்தக் கொள்கை. இங்கும் நடந்தது அம்மா, ஒரே மாதத்தில் இரண்டு இடங்களில். 1855 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் குலாம் முகம்மது கௌஸ் கான் காலமானார். அந்த மாதம் முடிவதற்குள் தஞ்சையில் இரண்டாம் சிவாஜியும் கண் மூடினார். இருவருக்கும் மகன் இல்லை.

நவாப்பின் சித்தப்பா ஆஸிம் ஜா உரிமை கோரினார். ஆட்சியைக் கும்பினிக்கு விட்டு நவாப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்ட 1801 உடன்படிக்கை அன்றைய நவாப் ஒருவரோடு செய்துகொண்டது, சந்ததிக்குச் செல்லாது என்று கும்பினி கைவிரித்துவிட்டது. நவாப்பின் சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்தது; எடுத்தது அரசாங்கமேதான். வாலாஜா சாலைப் பக்கம் போகும்போது அந்தச் செங்கல் சுவர்களை மகளுக்குக் காட்டுங்கள். 1867-இல் ஆஸிம் ஜாவுக்கு 'ஆற்காட்டு இளவரசர்' என்ற பட்டம் கிடைத்தது. நாடு கிடைக்கவில்லை.

தஞ்சைக் கதைதான் என் மனத்தை அறுப்பது. 1799-லேயே ஆட்சியைக் கும்பினி வாங்கிக்கொண்டுவிட்டது. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் மானியமும்தான். சிவாஜிக்கு மகள்கள் இருந்தும் அவர்களை வாரிசாக ஏற்கவில்லை. 1856-இல் கமிஷனர் ஃபோர்ப்ஸ் படையோடு அரண்மனைக்குள் நுழைந்து கதவுகளுக்கு முத்திரை வைத்தார். அரசுச் சொத்து எது, குடும்பச் சொத்து எது என்று பிரித்துப் பார்க்காமல் நகை நட்டு வரை ஜப்தி.

மூத்த ராணி காமாட்சி பாய் சென்னைக்கு வழக்கைக் கொண்டுவந்தார். "பட்டம் உங்களோடு போகட்டும், என் கணவரின் சொந்தச் சொத்தைக் கொடுங்கள்" என்பதுதான் சாரம். அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கும்பினியின் சொந்த ஊரில், கும்பினிக்கு எதிராக! ஆனால் 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில், அன்றைய மேல்முறையீட்டின் கடைசிப் படி, அதைத் தள்ளிவிட்டது. இது அரசின் செயல், எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. நியாயமா அநியாயமா என்று கருத்துச் சொல்லும் உரிமைகூடத் தங்களுக்கு இல்லை என்றார்கள். முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். அந்த வரியைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பேனா நின்றுவிடும். 1862-இல் சொத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், உரிமையாக அல்ல, கருணையாக. அந்தச் சொல்லை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

கேள்வி (பெரம்பூர் வாசகர்): அப்படியானால் திருவிதாங்கூர் தப்பித்தது எப்படி? சீர்திருத்தம் செய்ததாலா?

பதில்: பெருமளவுக்கு ஆம். அங்கே பிள்ளையில்லை என்ற சாக்குக்கு இடமில்லை. மருமக்கள் வழி வாரிசு முறை, அதாவது சகோதரியின் மகனுக்கே பட்டம். ஆகவே 1855-இல் 'நிர்வாகம் சீர்கெட்டுவிட்டது, திருத்தாவிட்டால் நாடு பறிபோகும்' என்று கும்பினியார் எச்சரித்தார்கள். அடுத்த ஆண்டே வடக்கே அயோத்தி (அவத்) அரசு அந்தக் காரணத்தால்தான் பறிபோனது. பின்னர் திவானான டி. மாதவராவ் கடனை அடைத்தார், மிளகுக்கும் புகையிலைக்கும் இருந்த அரசு ஏகபோகத்தை எடுத்தார், சாலைகளும் பள்ளிகளும் வந்தன. அவர் கும்பகோணத்துக்காரர், தஞ்சை மராத்தியக் குடும்பம், படித்தது நம் சென்னையில்.